பழைய லாரிக்குப் புதிய ஓட்டுநர் அறை: பொறியியலும் சட்டமும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், சித்தூருக்கும் பலமனேருக்கும் இடையே அமைந்துள்ள ஊர் பங்காருபாளையம். சென்னையையும் பெங்களூரையும் இணைத்த பழைய நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலையின் இப்பகுதி, நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றியமைக்கப்பட்ட பின்னர் 69ஆம் எண் நெடுஞ்சாலையாக வழங்குகிறது. மாங்காய்ப் பருவத்தில் இவ்வட்டாரத்தின் தோத்தாபுரி மாங்காய்கள் தோட்டங்களிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கூழ் தயாரிக்கும் ஆலைகளுக்கும் லாரிகளில் செல்கின்றன. பருவம் முடிந்த பின் காய்கறி, செங்கல், மணல், கால்நடைத் தீவனம் ஆகியவற்றை அதே லாரிகள் சுமக்கின்றன. இவற்றுள் பல, ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைக்கும் சிறு உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை.

இத்தகைய உரிமையாளரிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட நடுத்தர லாரி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். என்ஜினும் சேசிஸும் நல்ல நிலையில் உள்ளன. ஆனால் ஓட்டுநர் அறையின் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. கதவுகள் சரியாக மூடுவதில்லை. கோடையில் என்ஜின் வெப்பம் தாங்க முடிவதில்லை. விபத்தில் சிக்கிய புதிய லாரி ஒன்றின் கேபின் பழைய பொருள் சந்தையில் விலைக்கு வருகிறது. அதை வாங்கித் தம் லாரியில் ஏற்றிவிடலாம் என்று அவர் எண்ணுகிறார். எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் பொறியியல், பாதுகாப்பு, சட்டம் ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றை முறையாக ஆராய்வது மாணவர்களுக்கும், வாகனங்களை ஆய்வு செய்யும் அலுவலர்களுக்கும் பயன்படும்.

அறை தனி, சேசிஸ் தனி என்னும் மரபு

கேபினைக் கழற்றி மாட்டலாம் என்னும் எண்ணம் இந்தியாவில் எளிதில் எழுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. டாடா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் 1954இல் உடன்பாடு செய்து ஜாம்ஷெட்பூரில் லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. சென்னை எண்ணூரில் 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. இந்நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் வரை பெரும்பாலும் சேசிஸை மட்டுமே விற்றன. என்ஜின், சக்கரங்கள், ஸ்டீயரிங், முகப்புத் தகடு ஆகியவற்றோடு நின்றுவிடும் இவ்வடிவம் 'கௌல் சேசிஸ்' எனப்பட்டது. ஓட்டுநருக்குக் கூரையும் கதவும் கட்டித் தருவது பட்டறைகளின் வேலையாக இருந்தது.

இந்த முறையால் ஒரு பெரும் தொழில் வளர்ந்தது. தமிழ்நாட்டின் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களும், ஆந்திரத்தில் விஜயவாடாவின் ஜவகர் ஆட்டோ நகரும் லாரிகளுக்குப் பாடி கட்டுவதில் பெயர் பெற்றன. மரச் சட்டங்களின் மீது தகடு அடித்துச் செய்த கேபின்கள் மலிவாகவும், எந்த ஊரிலும் பழுது பார்க்கத் தக்கனவாகவும் இருந்தன. தச்சர், கொல்லர், வர்ணம் பூசுவோர் எனப் பலருக்கு வேலை கிடைத்தது. ஆனால் மோதலின்போது ஓட்டுநரைக் காக்கும் வலிமை அவற்றில் இருக்கிறதா என்பதை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

1980களில் நிலைமை மாறத் தொடங்கியது. ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவோடு டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்தா, ஐச்சர் மிட்சுபிஷி ஆகிய இலகு லாரிகள் சந்தைக்கு வந்தன. ஆல்வின் நிசான் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் ஜகீராபாத்தில் தயாராயிற்று. டாடா நிறுவனம் 407 என்னும் வண்டியை 1986இல் அறிமுகப்படுத்தியது. ஆலையிலேயே முழுமையாகச் செய்யப்பட்ட எஃகுக் கேபின் இவ்வண்டிகள் வழியாகவே பரவலான பழக்கத்துக்கு வந்தது. எனினும் 'கேபின் என்பது சேசிஸின் மேல் வைக்கப்படும் பெட்டி' என்னும் பழைய கருத்து பட்டறைகளை விட்டு அகலவில்லை. இன்றைய கேபின் வெறும் பெட்டியன்று. ஸ்டீயரிங், பிரேக், மின் இணைப்பு, பாதுகாப்பு அமைப்பு அனைத்தும் அதனுள் கலந்தே வடிவமைக்கப்படுகின்றன.

எந்த வண்டி, எந்த வகை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி மொத்த எடை 7,500 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு வண்டி இலகு வாகனம். 12,000 கிலோகிராமுக்கு மேற்பட்டது கனரக வாகனம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது நடுத்தரச் சரக்கு வாகனம். தொழில்நுட்ப விதிகளில் வேறொரு பாகுபாடு வழங்குகிறது. அதன்படி 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரையுள்ள சரக்கு வண்டிகள் 'என்2' வகை, 12 டன்னுக்கு மேற்பட்டவை 'என்3' வகை. ஆய்வு செய்யும் அலுவலர் இவ்விரு பாகுபாடுகளையும் ஒன்றோடொன்று குழப்பிக் கொள்ளலாகாது.

கேபின்களிலும் வகைகள் உண்டு. என்ஜின் முழுவதும் கேபினுக்கு முன்னால் மூடியின் கீழ் இருப்பது ஒரு வகை. என்ஜினின் ஒரு பகுதி கேபினுக்குள் நீட்டிக் கொண்டிருப்பது இரண்டாவது வகை. ஓட்டுநர் என்ஜினுக்கு மேலேயே அமர்வதும், என்ஜினைப் பார்க்க வேண்டுமெனில் கேபினையே முன்புறம் சாய்ப்பதும் மூன்றாவது வகை. ஒரே நிறுவனத்தின் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வண்டிகளுக்கிடையே அறையை மாற்றுவது ஓரளவு எளிது. ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்றுவது ஏறத்தாழ வண்டியின் முன்பாதியை மீண்டும் வடிவமைப்பதற்கு ஒப்பாகும்.

தாங்கும் புள்ளிகள்

கேபின் சேசிஸ் சட்டத்தின் மீது சில புள்ளிகளில் மட்டுமே ரப்பர் தாங்கிகளின் வழியாக அமர்கிறது. மேடு பள்ளங்களில் செல்லும்போது சேசிஸ் சட்டம் முறுக்கிக் கொள்ளும். அம்முறுக்கம் கேபினைத் தாக்காமல் தடுப்பதே ரப்பர் தாங்கிகளின் பணி. தாங்கிகளுக்குப் பதிலாக இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்து அறையை நிறுத்தினால், சில மாதங்களில் கேபினின் மூலைகளில் வெடிப்பு விழும். கண்ணாடியும் விரிசல் காணும்.

சாயும் கேபினின் முன்பக்கக் கீல்கள், சட்டத்தின் முன் முனையில் செறிவான சுமையை ஏற்றுகின்றன. அதற்கென வடிவமைக்கப்படாத பழைய சேசிஸில் அவ்விடத்தில் குறுக்குச் சட்டம் இராது. புதிய குறுக்குச் சட்டத்தை நெடுஞ்சட்டத்தின் நடுப்பகுதியில் துளையிட்டு, உயர்வலிமை போல்ட்டுகளால் பிணைக்க வேண்டும். நெடுஞ்சட்டத்தின் மேல் கீழ் விளிம்புகளில் துளையிடுவதும் பற்றவைப்பதும் தவிர்க்கத் தக்கன. வளைவு விசை மிகுதியாகத் தாக்குவது அவ்விளிம்புகளிலேதான். அங்கு ஏற்படும் சிறு காயமும் நாளடைவில் முறிவாக முடியலாம். சாயும் கேபினில் பின்பக்கப் பூட்டும், அப்பூட்டு தவறினாலும் கேபினைப் பிடித்து நிறுத்தும் இரண்டாவது பாதுகாப்புப் பூட்டும் இன்றியமையாதவை. இறக்கத்தில் பிரேக் அழுத்தும்போது கேபின் முன்னால் கவிழ்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எடைக் கணக்கு

கேபின் மாற்றத்தில் பெரும்பாலும் மறக்கப்படுவது முன் அச்சின் சுமை. ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம்.

ஒரு லாரியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள தூரம் 3.8 மீட்டர். பழைய கேபினின் எடை 300 கிலோ. அதன் எடை மையம் முன் அச்சுக்கு 0.95 மீட்டர் பின்னால் உள்ளது. நெம்புகோல் விதிப்படி, முன் அச்சு தாங்கும் பங்கு 300 × (3.8 − 0.95) ÷ 3.8 = 225 கிலோ. மீதி 75 கிலோவைப் பின் அச்சு தாங்குகிறது.

புதிய கேபினின் எடை 450 கிலோ. இது என்ஜினுக்கு மேல் அமரும் வகை. எடை மையம் முன் அச்சுக்கு 0.19 மீட்டர் முன்னால் உள்ளது. முன் அச்சின் பங்கு 450 × (3.8 + 0.19) ÷ 3.8 = 472.5 கிலோ. பின் அச்சின் சுமை 22.5 கிலோ குறைகிறது.

வண்டியின் மொத்த எடை 150 கிலோ மட்டுமே கூடியது. ஆனால் முன் அச்சின் சுமை 247.5 கிலோ கூடிவிட்டது. பின் அச்சின் சுமை 97.5 கிலோ குறைந்தது. முன் வில்பட்டைகள், டயர்கள், ஸ்டீயரிங் ஆகிய அனைத்தும் இக்கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். உற்பத்தியாளர் குறித்த முன் அச்சின் வரம்பு இடம் தராவிடில் இம்மாற்றம் அத்துடன் கைவிடப்பட வேண்டும். மேலும், பதிவுச் சான்றிதழிலுள்ள மொத்த எடை வரம்பு மாறாதாகையால், ஏற்றத்தக்க சரக்கு 150 கிலோ குறைகிறது. ஒவ்வொரு நடையிலும் இவ்விழப்பு தொடரும் என்பதை உரிமையாளர் தம் வரவு செலவுக் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

ஸ்டீயரிங், பிரேக், கியர்

ஓட்டுநரின் இருக்கை இடம் மாறினால் ஸ்டீயரிங் தண்டும் மாற வேண்டும். ஸ்டீயரிங் பெட்டி பழைய இடத்திலேயே இருக்க, சக்கரம் மட்டும் முன்னோ மேலோ நகர்ந்தால், இரு தண்டுகளையும் இணைக்கும் மூட்டுகளின் கோணம் கூடுகிறது. இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாகவும் ஒன்றற்கொன்று சரியான நிலையிலும் இல்லையெனில், சக்கரம் சில இடங்களில் இறுகியும் சில இடங்களில் தளர்ந்தும் சுழலும். வெட்டி ஒட்டிய ஸ்டீயரிங் தண்டை எக்காரணம் கொண்டும் அனுமதித்தல் ஆகாது. அது முறிந்தால் ஓட்டுநருக்கு வேறு வழி எதுவும் மிஞ்சாது.

பிரேக்கைப் பொறுத்தவரை, பழைய நடுத்தர வண்டிகள் பலவற்றில் வெற்றிட உதவியுடன் கூடிய எண்ணெய் பிரேக்கே இருந்தது. புதிய கேபினிலுள்ள மிதி காற்று பிரேக்குக்கு உரியதாக இருக்கலாம். அம்மிதியை அப்படியே பழைய முதன்மை உருளையுடன் இணைத்தால், மிதியின் நெம்பு விகிதம் பொருந்தாது; ஓட்டுநர் முழு பலத்துடன் அழுத்தியும் போதிய அழுத்தம் கிடைக்காமல் போகலாம். பங்காருபாளையத்திலிருந்து மேற்கே செல்லும் சாலை, மொகிலி மலைப்பாதை வழியாகப் பலமனேர் மேட்டு நிலத்துக்கு ஏறுகிறது. 2024 செப்டம்பரில் அம்மலைப்பாதையில் அரசுப் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் உயிரிழந்தனர். சுமையேற்றிய வண்டி இத்தகைய நீண்ட சரிவில் இறங்கும்போது பிரேக்கின் நம்பகம் ஓட்டுநரின் உயிரை மட்டுமன்றி எதிரே வருவோரின் உயிரையும் காக்கிறது. ஆகவே பிரேக் மிதி, உருளை, குழாய்கள் ஆகியன ஒரே அமைப்பைச் சேர்ந்தனவாக இருத்தல் வேண்டும்.

கியர் நெம்புகோல் பழைய வண்டியில் கியர்பெட்டியின் மீதே நிற்கும்; சாயும் கேபினிலோ கம்பிகளாலும் கேபிள்களாலும் தொலைவிலிருந்து இயக்கப்படும். கிளட்ச் இணைப்பும் இவ்வாறே. என்ஜினின் உயரத்துக்கும் கேபின் தரைக்கும் இடையே போதிய இடைவெளி இல்லாவிடில் வெப்பம் மிகும். ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றோட்டமும் தடைப்படும். மலை ஏறும்போது என்ஜின் கொதிப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

மின் இணைப்பு

பழைய வண்டியின் என்ஜினில் எரிபொருள் பம்பு இயந்திர முறையில் இயங்கியது. ஆக்சிலரேட்டர் மிதியை ஒரு கேபிள் பம்புடன் இணைத்தது. நாடெங்கும் 2017 ஏப்ரல் முதல் பாரத் நிலை 4 விதிகளும், 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 விதிகளும் நடைமுறைக்கு வந்தபின், புதிய என்ஜின்கள் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. புதிய கேபினிலுள்ள மானிகளும் மிதியும் அக்கட்டுப்பாட்டுக் கருவியிடமிருந்தே செய்தி பெறுகின்றன. பழைய என்ஜினில் அக்கருவி இல்லையாதலால், அம்மானிகள் வேலை செய்யா. எண்ணெய் அழுத்தம், நீர் வெப்பம், வேகம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் காட்டும் பழைய மானிகளைத் தனியே பொருத்துவதே ஏற்றது. மின்னழுத்தம் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் முதலிலேயே பார்த்துக் கொள்ள வேண்டும். அறுத்து முறுக்கிய கம்பிகளும், அளவுக்கு மீறிய ஃபியூஸும் லாரிகள் தீப்பற்றுவதற்கு வழிவகுக்கின்றன.

அறையின் வலிமை

நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் லாரிகளில் சென்றோரும் அடங்குவர். மோதலுக்குப் பின்னும் ஓட்டுநர் உயிர் பிழைக்கப் போதிய வெளி கேபினுக்குள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே லாரி கேபின் பாதுகாப்பின் அடிப்படை. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 29ஆம் ஒழுங்குவிதி இதற்கெனப் பிறந்தது. இந்தியாவின் ஏ.ஐ.எஸ். 029 என்னும் தரம் அதனைத் தழுவியது. கனத்த ஊசல் ஒன்றைக் கேபினின் முகப்பில் மோதச் செய்தல், கூரையின் மீது சுமையேற்றுதல், சரக்கு முன்னால் சரிந்தால் தாங்குமா என அறியப் பின்சுவரை அழுத்துதல் ஆகியவை அவ்விதியின் சோதனைகள். லாரி கேபின், பாடி, டிரெய்லர் ஆகியவற்றின் கட்டுமானத்துக்கும் ஒப்புதலுக்கும் ஏ.ஐ.எஸ். 093 என்னும் நெறிமுறை உள்ளது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. கேபின் தனக்குரிய தாங்கிகளோடும் தனக்குரிய அமைப்போடும்தான் சோதனையில் தேறியது. வேறொரு சேசிஸில், வேறு தாங்கிகளின் மீது வைக்கும்போது அத்தேர்ச்சி உடன்வருவதில்லை. தாங்கி முறிந்தால் வலிய கேபினும் சட்டத்தை விட்டுப் பெயர்ந்துவிடும். விபத்துக்குள்ளான வண்டியிலிருந்து எடுத்த கேபினாயின், தூண்களும் தரையும் முன்னரே வளைந்து நிமிர்த்தப்பட்டனவா என்பதையும் ஆராய வேண்டும். புதிய வர்ணம் பழைய காயத்தை மறைத்துவிடும்.

சட்டம் கூறுவது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்றும் மாறுபடும் வகையில் வாகனத்தை எந்த உரிமையாளரும் மாற்றலாகாது என்கிறது. கேபின் மாறினால் வண்டியின் வெற்று எடை மாறும். பாடி வகையும் இருக்கைகளின் எண்ணிக்கையும் மாறலாம். இவை யாவும் சான்றிதழில் இடம்பெறும் விவரங்கள். உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், உற்பத்தியாளரின் குறிப்புகளுக்கு மாறாக வாகனத்தின் கட்டமைப்பை மாற்றுதல் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. தவணை முறையில் வாங்கிய வண்டியாயின், கடன் வழங்கியவரின் எழுத்து மூலமான இசைவின்றி எந்த மாற்றமும் செய்யலாகாது.

இதன் பொருள், நைந்துபோன கேபினை மாற்றவே கூடாது என்பதன்று. அதே உற்பத்தியாளர் அதே மாதிரி வண்டிக்கென அளிக்கும் கேபினைப் பொருத்துவது பழுதுபார்த்தலே. வேறு மாதிரிக் கேபினைப் பொருத்துவதே கட்டமைப்பு மாற்றமாகும். ஆகவே கேபினை விலைக்கு வாங்குமுன்பே பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிதல் நன்று. வேலையை முடித்துவிட்டுத் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் கொண்டு வருவோர் பெரும்பாலும் பணத்தையும் நாள்களையும் இழக்கின்றனர். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஒவ்வோர் ஆண்டும் தகுதிச் சான்று தேவை. மறைத்த மாற்றம் ஓராண்டுக்குள் வெளிப்பட்டே தீரும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்து இழப்பீட்டின்போது தகராறுக்கு இடமாகும்.

மாற்று வழிகள்

கேபினை மாற்றும் ஆவல் பெரும்பாலும் மூன்று குறைகளிலிருந்து பிறக்கிறது: வெப்பம், துரு, அசதி. இம்மூன்றுக்கும் குறைந்த செலவில் பரிகாரம் உண்டு. என்ஜின் மூடியின் உட்புறம் வெப்பத் தடுப்புப் போர்வை ஒட்டுதல், துருவேறிய தரையையும் தூண்களின் அடிப்பகுதியையும் வெட்டி எடுத்து அதே கனமுள்ள எஃகுத் தகடு வைத்தல், நைந்த ரப்பர் தாங்கிகளை மாற்றுதல், இடுப்பைத் தாங்கும் நல்ல இருக்கையும் பெல்ட்டும் பொருத்துதல், கதவு ரப்பர்களைப் புதுப்பித்தல் ஆகியவை வண்டியின் பதிவு விவரங்களைத் தொடுவதில்லை. புதிதாகத் தயாரிக்கப்படும் என்2, என்3 வகை லாரிகளின் கேபின்களில் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இவ்விதி பழைய வண்டிகளைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் ஓட்டுநரின் உடல் நலமும் சாலைப் பாதுகாப்பின் ஒரு கூறே என்னும் கருத்தை அது நிலைநாட்டியுள்ளது.

சேசிஸ் சட்டமே துருவேறியிருந்தால் கேபினுக்குச் செலவிடுவது வீண். அவ்வண்டியை முறைப்படி பதிவு செய்யப்பட்ட உடைப்பு நிலையத்தில் ஒப்படைப்பதே அறிவுடைமை.

செய்யத்தக்கவை

சட்டத்தின் தடை நியாயமானது. சிறு உரிமையாளரின் தேவையும் நியாயமானது. இவ்விரண்டையும் இணைக்கும் வழி 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே உள்ளது. வாகன மாற்றங்களுக்கும் பின்பொருத்தல்களுக்கும் உரிய தரக்குறிப்புகளையும் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை அத்திருத்தம் மத்திய அரசுக்கு வழங்குகிறது. எரிவாயுக் கருவிகளைப் பொருத்துவதற்கு ஒப்புதல் பெற்ற தொகுப்புகள் இருப்பது போல, பெருமளவில் ஓடும் பழைய லாரி மாதிரிகளுக்குத் தாங்கிகள், ஸ்டீயரிங் இணைப்பு, மின் கம்பித் தொகுப்பு ஆகியவற்றுடன் சோதித்து ஒப்புதல் பெற்ற கேபின் தொகுப்புகளை உற்பத்தியாளர்கள் அளிக்க இவ்வதிகாரத்தின் கீழ் வழி செய்யலாம். ஊர்ப்புறப் பட்டறைத் தொழிலாளர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் குறுகிய காலப் பயிற்சி அளித்து, அத்தொகுப்புகளைப் பொருத்தும் உரிமத்தையும் வழங்கலாம். இவற்றால் நாமக்கல்லிலும் விஜயவாடாவிலும் தலைமுறைகளாக வளர்ந்த கைத்திறன் அழியாமல், சோதிக்கப்பட்ட தரத்தின் கீழ் தொடர்ந்து வாழும்.

அதுவரை, ஆய்வு மேடைக்கு வரும் லாரியின் கேபினைக் காணும் அலுவலர் வர்ணத்தின் பொலிவை நோக்காது, கேபினின் கீழே குனிந்து தாங்கிகளையும் போல்ட்டுகளையும் ஸ்டீயரிங் தண்டையும் பிரேக் மிதியையும் நோக்க வேண்டும். மாங்காய்ச் சுமையோடு இரவில் மலைப்பாதையில் இறங்கும் ஓட்டுநர் உயிரோடு வீடு திரும்புவது அவற்றின் உறுதியைப் பொறுத்தது.